கேம்ப் ரோட்டுத் தண்ணீரும் கீசரின் ஆயுளும்

கீசர் சரியில்லை என்று யார் போன் செய்தாலும், "உங்க வீட்டுக்கு என்ன தண்ணி?" என்றுதான் முதலில் கேட்பேன். கம்பெனி பெயர், வாங்கிய வருஷம், வாரண்டி எல்லாம் அதற்குப் பிறகு. சிலர் குழம்பிப்போவார்கள். சென்னைப் புறநகரில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்துப் பழைய குடித்தனக்காரர்கள் மட்டும் சட்டென்று சொல்வார்கள். "கிணறு இருக்கு, கோடையில போர்." "குடிக்க பாலாத்துத் தண்ணி, மேல்தொட்டிக்கு ஏத்துறது போர்தான்." "முழுக்க லாரிதான் தம்பி." அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். கேஸ்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதுமா, காயிலும் ஆனோடு ராடும் சேர்த்தே பையில் போட்டுக்கொள்ள வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கிண்டி ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு முடித்து, மேற்குத் தாம்பரத்தில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை முதலாளி எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். "இது பாதி கரண்ட் வேலை, பாதி தண்ணி வேலைடா. தண்ணியைப் பார்க்கத் தெரியாதவன் கீசரைத் திறக்கக் கூடாது" என்பார். அவர் சிறுவயதில் வீட்டில் செப்பு பாய்லர் இருந்ததாம். நடுக்குழாயில் கரியும் கொட்டாங்குச்சியும் போட்டு எரித்து, பக்கத்துக் குழாயில் வெந்நீர் பிடிப்பார்கள். கோடை முடிந்ததும் அவருடைய பாட்டி அதன் வயிற்றுக்குள் புளித்தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைப்பாராம். காலையில் வெள்ளைப் பொருக்கு கழன்று வரும். இன்று நாங்கள் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றிச் செய்வதும் அதே வேலைதான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறுவது பாறையிலிருந்து. மின்சார ரயிலில் போகிறவர்கள் பல்லாவரம், திரிசூலம் மலைகளைத் தினமும் பார்க்கிறார்கள். அந்தக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். தாம்பரம் வட்டாரத்தில் போர் போடுகிறவர்கள் கொஞ்ச ஆழத்திலேயே பாறையைத் தொட்டுவிடுவார்கள். மழைத்தண்ணீர் பாறையிடுக்கில் இறங்கி, அங்கேயே கிடந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஏரியோரத்துக் கிணற்றில் இருபது அடியில் எடுத்த தண்ணீருக்கும், அதே தெருவில் முந்நூறு அடி போரில் எடுத்த தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். நாலு தெரு தள்ளி அடுக்குமாடி போரில் பருப்பு வேகாது. தை மாதத்தில் மழை இறங்கிய கிணறு ஒரு மாதிரி, சித்திரை வைகாசியில் அதே கிணறு வேறு மாதிரி. நாகல்கேணி, குரோம்பேட்டை பக்கம் கதை இன்னும் மோசம். தோல் பதனிடும் தொழில் பல பத்தாண்டுகளாக நடந்ததில் நிலத்தடி நீரிலேயே உப்பு ஏறிவிட்டது. அங்கே கீசரின் உள்பாகங்கள் தேய்கிற வேகத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. நடுவில் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு 60 லிட்டர் தண்ணீரை கீசர் வழியாக அனுப்பினால், 30 கிராம் சுண்ணாம்புச் சரக்கு அந்த டேங்குக்குள் புகுந்து வெளியேறுகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ. எல்லாமே படிந்துவிடாது. ஆனால் சூடு பட்டதும் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்ததில் ஒரு பங்கு கார்பனேட்டாகி, இருப்பதிலேயே சூடான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம், தண்ணீரைச் சூடாக்கும் காயில்.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஓர் அடுக்குமாடியில் பார்த்த கீசரைச் சொல்கிறேன். 15 லிட்டர், 2 கிலோவாட். "அண்ணே, உள்ள கொட கொடன்னு சத்தம் வருது, வெடிச்சிடுமோன்னு பயமா இருக்கு" என்று கூப்பிட்டார் அந்த வீட்டுப் பெண். கைக்குழந்தை உள்ள வீடு. எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, உள்ளே வரும் தண்ணீரை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு டேங்கை வடித்தேன். பிறகு கீழ்மூடியைக் கழற்றி, ஒயர்களைப் பிரித்து, காயிலைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் தட்டின் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தினேன். சாதாரணமாக ஃபிளாஞ்ச் கையோடு வந்துவிடும். இங்கே வரவில்லை. காயிலைச் சுற்றி வளர்ந்த சுண்ணாம்பு துவாரத்தைவிடத் தடிமனாகிவிட்டது. மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி, உள்ளேயே உடையவிட்டு எடுத்தேன். பக்கெட்டில் விழுந்தவை உடைந்த அப்பளத் துண்டுகள் மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. அரை பக்கெட் நிறைந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த அந்தப் பெண், "இந்தத் தண்ணியிலயா குளிப்பாட்டுறேன்?" என்று கேட்டார். சுண்ணாம்பால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கஷ்டமெல்லாம் காயிலுக்குத்தான் என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அந்தச் சத்தத்துக்குக் காரணமும் அதுதான். சுண்ணாம்புப் பொருக்குக்கும் காயிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து ஆவியாகி, பொருக்கை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. அது கொடகொடக்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தேங்குவதால் அதன் உறை வெடிக்கும். நல்ல 2 கிலோவாட் காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் 26 ஓம் பக்கத்தில் காட்டும். அந்தக் கேம்ப் ரோட்டுக் காயில் 26 காட்டியது. ஆனால் உறைக்கும் கம்பிக்கும் நடுவே, கசிவு பார்க்கும் மெகரை வைத்தபோது முள் இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் தண்ணீரில் கரண்ட் வந்திருக்கும். காயிலை மாற்றினேன்.

ஆனோடு ராடைப் பற்றிக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர்கள் குறைவு. டேங்கு பெரும்பாலும் இரும்பு. உள்ளே கண்ணாடிப் பூச்சு சுட்டு ஏற்றியிருப்பார்கள். பூச்சில் எங்காவது ஊசிமுனை அளவு விட்டுப்போயிருக்கும். தண்ணீர் அங்கேதான் இரும்பைத் தின்னத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் மக்னீசியக் கம்பி ஒன்றை உள்ளே நிறுத்துகிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் முந்திக்கொண்டு கரையும். அது கரைகிற வரை டேங்கு பிழைக்கும். உப்புத் தண்ணீரில் மின்கடத்தல் அதிகம் என்பதால் கம்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். விரல் தடிமனில் இருக்க வேண்டியது வெறும் நடுக்கம்பியாக வெளியே வருவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் விட்டால் டேங்கு ஓட்டையாகிவிடும், ஓட்டையான டேங்கை யாராலும் சரிசெய்ய முடியாது. ஆனோடு ராடின் விலை புது கீசர் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதை மாற்றாமல் போனதால் குப்பைக்குப் போன நல்ல கீசர்கள் ஏராளம். இந்தத் தொழிலில் எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வந்தாலும் பலர் கீசரை மாற்றச் சொல்வார்கள். தண்ணீரில் இருக்கும் சல்பேட்டை உண்ணும் நுண்ணுயிர்கள் மக்னீசியக் கம்பி இருக்கும் டேங்கில் பெருகுவதால் வரும் வாடை அது. டேங்கை வடித்து, நல்ல சூட்டில் ஒருமுறை ஓடவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் வேறு வகை ஆனோடு போடலாம்.

சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்பு பொங்கிக்கொண்டு கரையும், பார்க்க வேலை சுத்தமாகத் தெரியும். அதே அமிலம் இரும்பையும் கேஸ்கெட்டையும் அரிக்கும், ஸ்டெயின்லெஸ் டேங்காக இருந்தால் பள்ளம் பள்ளமாக ஓட்டை போடும். என் கையால் ஊற்ற மாட்டேன். எலுமிச்சை உப்பு மெதுவாக வேலை செய்யும், ஆனால் டேங்கு பிழைக்கும்.

அடுத்து, டேங்கின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு. சிட்லபாக்கத்தில் ஒரு வயதான அம்மா வீட்டில் அந்த வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்திருக்கிறது. யாரோ வந்து, வால்வின் வாயில் ஒரு பிளக்கைத் திருகி, டெஃப்லான் டேப் சுற்றி அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் போனது வேறு வேலைக்கு. பார்த்ததும் கீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

"என்னப்பா, லீக்கு இப்பத்தான் நின்னுது, திரும்பத் திறக்கறியே?"

"இது லீக் இல்லம்மா. தண்ணி சூடானா உப்பும். உப்பின தண்ணிக்கு வெளிய போக இந்த வாய்தான் வழி. அடைச்சா டேங்கு தாங்கணும்."

28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றினால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு போல விரியும். 15 லிட்டரில் அது ஏறக்குறைய 200 மில்லி, ஒரு டம்ளர். கீசருக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் அந்த வால்வு தடுப்பதால், விரிந்த தண்ணீர் சொட்டித்தான் தீர வேண்டும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேலுள்ள கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால் தண்ணீர் கொதித்து ஆவி கட்டும். அப்போது கடைசிக் காவல் இந்த வால்வு ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு வால்வின் வாயிலிருந்து ஒரு சிறு டியூபை இழுத்துத் தரைச் சல்லடை வரை விட்டுக்கொடுத்தேன். சூடாகும்போது மட்டும் சொட்டினால் சரி. ஸ்விட்ச் போடாத நேரத்திலும் ஓயாமல் ஒழுகினால்தான் வால்வையோ வீட்டுத் தண்ணீர் அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கத்து உயரமான கட்டடங்களில் கீழ்த்தளங்களுக்கு அழுத்தம் அதிகமாக வரும், அங்கே பிரஷர் குறைக்கும் வால்வு வேண்டியிருக்கும்.

ஷாக் என்று அழைப்பு வந்தால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுப் போவேன். பெருங்களத்தூரில் ஒரு வீட்டில் சின்னப் பையன், "குளிக்கும்போது தண்ணி குத்துது" என்று சொல்லியிருக்கிறான். பெரியவர்கள் முதலில் கவனிக்கவில்லை. அவனுடைய அம்மா ஈரக்கையோடு குழாயைத் தொட்டபோது சுருக்கென்று இழுத்திருக்கிறது. போய்ப் பார்த்தால் காயில் உறையில் ஊசித்துளை. ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால் எர்த் ஒயரின் நுனி எதிலும் இணைக்காமல் டேப் சுற்றி மடித்து வைத்திருந்தது. கரண்ட் கசிந்தால் தானே விழும் ஆர்.சி.சி.பி.யும் வீட்டில் இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. அந்தப் பையன் பிழைத்தது அவன் காலில் போட்டிருந்த ரப்பர் செருப்பால் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆரம்ப காலத்தில் வீடுகளில் ஜி.ஐ. பைப் இருந்தது. இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடியதால், எர்த் இல்லாத வீட்டிலும் கசிந்த கரண்டில் ஒரு பங்கு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். இப்போது எல்லாம் சி.பி.வி.சி., பிளாஸ்டிக். கசிந்த கரண்ட் போக வேறு வழி இல்லை. தண்ணீர் வழியாக வந்து, நிற்கிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். பைப் மாறியபோது வீட்டு எர்த்தும் கூடவே சரியாகியிருக்க வேண்டும். புறநகரில் அவசரமாகக் கட்டின பல வீடுகளில் அது நடக்கவில்லை. எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் கொல்ல அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.தான் அதற்குக் காவல். நம் பக்கம் இ.எல்.சி.பி. என்று கேட்டு வாங்குவார்கள். கீசருக்குத் தனி லைன், 2.5 சதுர மில்லி ஒயர், 16 ஆம்பியர் பிளக், எர்த் பின்னில் உண்மையாகவே எர்த் என்று இந்த நாலும் இல்லாத வீட்டில் கீசரை மாட்டிக்கொடுக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு இதைவிட ஆபத்து. ஸ்விட்சை அணைக்காமல் சூடு பார்க்கக் கையை விட்டுப் போன உயிர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காத குளிர்காலம் இல்லை. கேஸ் கீசரைக் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் மாட்டக் கேட்டாலும் மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கீசர் எரியவில்லை என்று நிறையப் பேர் கூப்பிட்டார்கள். மெயின் போர்டைத் தொடாமல் கீசரைத் தொட மாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஸ்விட்ச் பெட்டிகளுக்குள் சேறு. நீர்மட்டம் தலைக்கு மேல் போன வீடுகளில் கீசரின் வெளிக்கூட்டுக்குள்ளும் சேறு. டேங்குக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள பஃப் நுரை நனைந்தால் காய்வதில்லை. அது ஈரத்தோடு நின்று வெளிப்பக்கத்திலிருந்து டேங்கை அரிக்கும். அப்படிப்பட்ட கீசர்களைக் கழற்றிப் போடச் சொன்னபோது பணம் போட்டவர்களுக்கு வருத்தம்தான். வீடே சேறாகக் கிடக்கும்போது ஒரு கீசருக்காகக் கவலைப்படும் மனிதர்களிடம் அதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருந்தது. வேறு வழியில்லை. தாழ்வான பகுதியில் புது வீடு கட்டுகிறவர்கள் கீசர் பாயிண்டையும் மெயின் போர்டையும் எவ்வளவு உயரமாக வைக்க முடியுமோ அவ்வளவு உயரமாக வையுங்கள்.

எங்களுக்கு சீசன் தீபாவளியில் தொடங்கும். விடிகாலை எண்ணெய்க் குளியலுக்குத் தெரு முழுக்க ஒரே நேரத்தில் கீசர் போடுவார்கள். "ஹீட்டாகவே இல்ல" என்று அன்று வரும் போன்களில் பாதி கீசர் கோளாறே இல்லை. வோல்டேஜ் இறங்கியிருக்கும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், 2 கிலோவாட் காயில் 1.2 கிலோவாட்தான் வேலை செய்யும். 17 நிமிஷத்தில் சூடாக வேண்டிய 15 லிட்டர் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு கார்த்திகை, மார்கழி. விடியலுக்கு முன் குளித்துக் கோவிலுக்குப் போகிறவர்கள், மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டிய பெரியவர்கள், பிள்ளை பெற்ற வீடு எல்லாம் ஒரே சமயத்தில் கூப்பிடும். அந்த நேரத்தில் அவசரமாகச் செய்கிற சர்வீஸ் நல்ல சர்வீஸாக இருக்காது. டேங்கை ஊறவைக்க நேரம் இருக்காது, நல்ல காயில் பாரிமுனையிலிருந்து வருவதற்குள் கிடைத்ததை மாட்டச் சொல்வார்கள். ஆடியிலோ ஆவணியிலோ கூப்பிட்டால் நிதானமாகச் செய்ய முடியும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு வாரண்டி அட்டையைக் காட்ட மாட்டேன். போர் தண்ணீர், குழாயில் வெள்ளைக் கறை, பருப்பு வேகவில்லை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டும். நல்ல கிணறோ குழாய்த் தண்ணீரோ என்றால் இரண்டு வருஷம் விடலாம், ஆனோடு ராடை மட்டும் நடுவில் பார்க்கலாம். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்குக் கணக்கே கிடையாது. இன்று ஒரு ஊர்க் கிணறு, நாளை இன்னொன்று. 2019 கோடையில் நகரத்து ஏரிகள் வறண்டு ஊரே லாரியில் ஓடிய பிறகு, அந்த வருஷ மழைக்காலத்தில் நான் திறந்த டேங்குகள் எல்லாமே வழக்கத்தைவிட அடைந்திருந்தன. ஆர்.ஓ. கடைக்காரர் காட்டும் டி.டி.எஸ். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்த உப்பு, சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. சாஃப்ட்னர் வைத்த வீட்டில் சுண்ணாம்பு குறையும், ஆனாலும் ஆனோடு தேயும், பார்க்காமல் விடக் கூடாது. குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்று விற்கிறார்கள். காந்தம் மாட்டிய வீட்டு டேங்கையும் திறந்திருக்கிறேன், சுண்ணாம்பு அதே மாதிரி இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு ஆனோடு வாங்குங்கள்.

சென்னைக் குளிருக்கு 75 டிகிரி வேண்டாம். சூடு கூடக்கூடச் சுண்ணாம்பு அதிகம் படியும். 55, 60இல் வைத்துப் பச்சைத் தண்ணீர் கலந்து குளித்தால் போதும். அதற்குக் கீழே இறக்கி நாள்கணக்கில் தேக்கி வைக்கவும் வேண்டாம், வெதுவெதுப்பில் கிருமி வளரும். குளித்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்ய என்னைப் போன்ற ஒருவர் வர வேண்டும். ஒன்றை மட்டும் நீங்களே இன்றைக்கே செய்யலாம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அழுத்துங்கள். சட்டென்று விழுந்தால் கருவி வேலை செய்கிறது, மறுபடி ஏற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். விழாவிட்டால், அல்லது அப்படி ஒரு கருவியே உங்கள் போர்டில் இல்லாவிட்டால், கீசர் ஸ்விட்சைப் போடாமல் முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.